கண்மாய்க்கு ஆள் வேண்டும்

மதுரை,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பள்ளியில் சேர்த்ததையும் உன் முழங்கால் வலி தணிந்திருப்பதையும் அறிந்து வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் என்னை உடனே பேனா எடுக்க வைத்தது கடிதத்தின் கடைசியில் நீ வைத்த குத்தல்தான். மத்திய அரசின் நகரத் தூய்மைக் கணக்கெடுப்பான ஸ்வச் சர்வேக்ஷன் பட்டியலில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரை 40-ஆவதாக வந்த செய்தியைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு படித்துச் சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். 2025 ஜூலையில் அது வெளியானபோது எங்களுக்கும் வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் குப்பையை மட்டும் வைத்து ஓர் ஊரை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குப்பை கண்ணுக்குத் தெரிகிறது. யாராவது ஒருவர் அள்ளியும் விடுகிறார். கண்ணுக்குத் தெரியாமல் அடைபட்டுக் கிடக்கும், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைப் பற்றி எந்தப் பட்டியலும் பேசுவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு நான் ஒட்டிக்கொண்டிருக்கும் தன்னார்வலர் கூட்டம் அந்த வேலையில்தான் இறங்கியிருக்கிறது.

கூட்டம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதே. பதிவுபெற்ற சங்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. கல்லூரி மாணவர்கள் சிலர், மென்பொருள் நிறுவனத்தில் இரவுப்பணி முடித்துவிட்டு நேராக வந்து நிற்கும் இரண்டு பெண்கள், ஒரு பால்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பிறகு நான். தொடக்கத்தில் மரங்களில் அடித்த ஆணிகளைப் பிடுங்குவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. தனிப்பயிற்சி விளம்பரம், வீட்டுமனை விளம்பரம் என்று ஒரே வேப்பமரத்தில் தகரம் தகரமாக அறைந்திருப்பார்கள். பழைய ஆணியைச் சுற்றி மரப்பட்டை வளர்ந்து தலையையே மூடியிருக்கும்; கடப்பாரையின் முனையை மெல்லச் செருகி, பட்டை கிழியாதபடி நெம்பி எடுத்தால் துரு நிறத்தில் ஒரு நீர் கசியும். அந்த ஓட்டையில் ஆசிரியை மஞ்சளைக் குழைத்து அப்புவார். நல்ல வேலைதான், மனத்துக்கு நிறைவான வேலைதான். ஆனால் அடுத்த மாதமே அதே மரத்தில் வேறொரு விளம்பரம் தொங்கும்.

பிறகுதான் நீர்நிலைகளின் பக்கம் திரும்பினோம். கிராமத்துக் கண்மாய்க்கும் நகரத்துக் கண்மாய்க்கும் உள்ள வேறுபாட்டை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நில அளவைத் துறையில் ஆயுளைக் கழித்தவன் நீ. கிராமத்தில் ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீரில் விளையும் நிலம், இருக்கிறது. எந்த மடையை எப்போது திறப்பது, உபரி நீர் வழியும் கலிங்கில் எத்தனை பலகை போடுவது, அப்படி வழியும் மறுகால் எங்கே போய்ச் சேரும் என்று அறிந்த நீர்க்கட்டி இருந்தார், சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். கண்மாயில் ஒரு கை மண் விழுந்தாலும் கேட்பதற்கு வயிற்றுப்பாடு உள்ள ஆட்கள் உண்டு. நகரம் விரிந்தபோது கண்மாய்கள் எல்லாமே அழிந்துவிடவில்லை. வண்டியூர், மாடக்குளம், செல்லூர், அவனியாபுரம் ஆகியவை இன்றும் இருக்கின்றன. அழிந்தது அவற்றின் ஆயக்கட்டு. வயல் மனையானது, மடைக்கு வேலை இல்லாமல் போயிற்று, மடையைக் காத்தவருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அதன்பின் கழிவுநீர் வருவதும், ஆகாயத்தாமரை மண்டுவதும், கரையோரம் கட்டட இடிபாடு கொட்டப்படுவதும் தானாக நடந்தன. கிருதுமால் நதியை இன்றைய பிள்ளைகளிடம் காட்டி இது ஆறு என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

2024 அக்டோபர் மழை உனக்கு நினைவிருக்கும். செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது எல்லோரும் வானத்தைத்தான் குறை சொன்னார்கள். செல்லூர்க் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையில் விழ வேண்டும். அந்த வழி குறுகியும் செடி அடைத்தும் கிடந்தால் நீர் எங்கே போகும்? தெருவுக்குத்தான் வரும்.

இதற்கு நேர்மாறான சாட்சியும் நம் ஊரிலேயே உண்டு. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நாம் மட்டைப்பந்து ஆடிய காலத்தை எண்ணிப்பார். தண்ணீரில்லாமல் நிலைத்தெப்பமாகவே எத்தனை திருவிழாக்கள் கழிந்தன! வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீர்படுத்தித் தண்ணீரை உள்ளே விட்டதும் குளம் நிறைந்தது. சுற்றுவட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறியது. இந்த இரண்டாவது செய்தியை நான் வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். கண்மாயைச் சுற்றி ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரை அறியாமலே ஆயக்கட்டுதாரர்தான். அவர் அதை உணரும் வரை நீர்க்கட்டியின் இடத்தில் எங்களைப் போன்ற சிலர் நின்றாக வேண்டியிருக்கிறது.

அந்த இடத்தில் நிற்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வந்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களால் ஆகிற காரியமில்லை. அவர்களை நான் இகழவில்லை. அவர்கள் அள்ளிய நெகிழியும் நெகிழிதான். ஆனால் கண்மாய்க்கு வேண்டியது அதன் கணக்கைத் தெரிந்த ஆள். இப்போது எங்கள் பிள்ளைகள் நிலத்தின் எல்லை காட்டும் புலப்படத்தையும், எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஓடைப் புறம்போக்கு என்று படத்தில் இருக்கும் இடத்தில் நேரில் போய் நின்றால் சுற்றுச்சுவர் நிற்கிறது. அளவுக்கல்லைத் தேடினால் அது எவர் வீட்டு வாசலிலோ துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது. அதைப் படமெடுத்து, புல எண்ணைக் குறித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கிறார்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு மூன்று மேசைகளைச் சுற்றிவிட்டு முதல் மேசைக்கே திரும்பி வந்தது. பிள்ளைகள் சளைக்கவில்லை, எனக்குத்தான் கோபம் வந்தது.

எழுதி வைப்பதன் பலத்தை மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி காட்டிவிட்டது. ஏழு குன்றுகளும் 72 ஏரிகளும் 200 ஊற்றுகளுமாக உள்ள அந்தப் பகுதியில் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் நடந்து நடந்து சுமார் 250 வகைப் பறவைகளைப் பதிவு செய்தார்கள்; தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் குடைவரையும் ஏற்கெனவே ஆவணமாகியிருந்தன. இவற்றின் வலுவில்தான் 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, மேலூர் வட்டாரத்து மக்களின் கையில் வெறும் கோபம் மட்டும் இல்லை, பட்டியலும் இருந்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் திரண்டு மதுரைத் தல்லாகுளம் வரை வந்தார்கள். 23-ஆம் தேதி ஏலம் ரத்தானதாக மத்திய அரசு அறிவித்தது. வென்றது ஊர்மக்களின் கூட்டம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. பறவைக் குறிப்பேடு மட்டும் இருந்து மக்கள் இல்லாமலிருந்தால் ஒன்றும் நடந்திராது. அங்கே ஆயக்கட்டு உயிரோடு இருக்கிறது. இங்கே நாங்கள் அதை உருவாக்கப் பார்க்கிறோம்.

புரட்டாசியில் ஒரு கண்மாய்க் கரையில் பனைவிதை ஊன்றினோம். நட்ட அன்று வந்த கூட்டத்தில் பாதிகூட முளை பார்க்க வரவில்லை. பனை முதலில் கீழ்நோக்கிக் கிழங்கு விட்டுத்தான் பிறகு மேலே வரும். அதுவரை பொறுக்க ஆளில்லை. பால்காரர் மட்டும் தினமும் அந்த வழியாகப் போகிறவர் என்பதால், ஆடு மேய்ப்பவர்களிடம் சொல்லி வைத்து அந்த இடத்தைக் கவனித்து வருகிறார். நீர்க்கட்டி என்று நான் சொல்வது இப்படிப்பட்டவரைத்தான்.

இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். பழைய அளவைப் படம் ஒன்றின் நகல் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஒரு வரத்துக்கால் இரண்டு கிராம எல்லைகள் கூடும் இடத்தில் ஒரு படத்தில் இருக்கிறது, பக்கத்துக் கிராமப் படத்தில் இல்லை. உட்பிரிவு செய்தபோது விடுபட்டதா, இல்லை தொடக்கத்திலேயே தனிப் புலமாகக் காட்டப்படவில்லையா என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அறிவு போதவில்லை. தைப்பூசத்துத் தெப்பத்துக்கு எப்படியும் நீ வருவாய். இந்த முறை நான்கு நாள் முன்னதாக வந்து பிள்ளைகளோடு உட்கார். முழங்கால் வலிக்கு இடைஞ்சல் இல்லாமல் வீட்டிலேயே படத்தை விரித்துவிடலாம், களத்துக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். நகலைப் பதிவுத்தபாலில் இந்த வாரமே அனுப்புகிறேன். வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு எந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்