கோப்பைக் காணோம் என்றால் பதிவேட்டைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அரசு அலுவலகங்களில் தகவல் கேட்டால், 'சம்பந்தப்பட்ட கோப்பு கிடைக்கவில்லை' என்று ஒரே வரியில் பதில் வருவதும், மனுதாரர் அத்தோடு விட்டுவிடுவதும் வாடிக்கையாகிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்லும் விலக்குகளில் 'காணோம்' என்பது இல்லவே இல்லை. நன்றாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

அப்படிப் பதில் வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. கையோடு புதிய மனு ஒன்றும் போடுங்கள். 'ஏன் தொலைந்தது?' என்று எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். பதிவேட்டைக் கேட்க வேண்டும். இப்படி எழுதலாம்: 'மேற்படி கோப்பு கடைசியாக எந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் நகர்வுப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அந்த வகைக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற அட்டவணையின் நகல், அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பட்டியலில் அதற்குரிய பக்கத்தின் நகல்.'

பொது ஆவணங்கள் சட்டம், 1993இன்படி விதிமுறைக்குப் புறம்பாகக் கோப்பை அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அழித்தவற்றுக்குப் பட்டியல் இருந்தாக வேண்டும். பட்டியலும் இல்லை, கோப்பும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த அலுவலரும் யோசிப்பார். காணாமல் போன கோப்பு சில நேரம் அலமாரியிலிருந்து எழுந்து வருவது அதனால்தான். (மாநில அரசு அலுவலகங்களுக்கு இந்த 1993 சட்டம் பொருந்தாது.)

கோப்பைக் கையாண்டவரின் பெயரைவிடப் பதவியைக் கேட்பது நல்லது. 2025 நவம்பரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஒ) எனத் தமிழில் குறிக்கப்படும் தனிப்பட்ட தகவல் விலக்கு திருத்தப்பட்ட பிறகு, பெயர் என்றாலே மறுக்க வழி கிடைத்துவிட்டது. மறுத்தால் பொதுநலனைச் சுட்டி 8(2)இன் கீழ் வாதாடலாம்.

இன்னொன்று. தமிழக அலுவலகங்களுக்கு ஒட்டும் பழக்கத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை மத்திய அலுவலக மனுவிலும் ஒட்டிவிடுகிறார்கள். அது அங்கே செல்லாது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை 'அக்கவுண்ட்ஸ் ஆபீசர்' பெயருக்கு எடுக்க வேண்டும், அல்லது இணையத்தில் செலுத்த வேண்டும்.

முதல் மேல்முறையீட்டிலும் அதே பதில் என்றால், 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். மனுவில் தகவலோடு நிறுத்தாமல், விசாரணைக்கு உத்தரவிடவும் 20ஆம் பிரிவின் கீழ் அபராதம் விதிக்கவும் கேளுங்கள்: நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அது அலுவலகக் கணக்கிலிருந்து அல்ல, அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போவது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி