பம்பஸுக்கு ஒரு பங்கு: படுவான்கரையிலிருந்து ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஊரவர்களுக்கும் வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் முன்பள்ளிக் கூரைக்கும் உங்களிடம் வந்திருக்கிறோம். ஒருநாளும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை. இந்த முறை கேட்பது பம்பஸுக்கு, அதாவது டயப்பருக்கு. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். கூட்டத்தில் முதலில் இந்தக் கதை எடுபட்டபோது எங்களுக்குள்ளும் இரண்டு பேர் சிரித்தவர்கள்தான்.

போன மாரியில் கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே ஒரு வீட்டுக்கு உலர் உணவுப் பொதி கொண்டு போனோம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். வேலி நெடுக சீலைத் துண்டுகள் விரித்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பம்பஸும் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் அம்மம்மா அதை உருவி முந்தானைக்குள் மறைத்தா. "மூத்திரம் மட்டுந்தான் மனே. காய வைச்சா ராவைக்கு இன்னொருக்காக் கட்டலாம்" என்றா. பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலை. காசு வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு.

பம்பஸுக்குள் இருப்பது பஞ்சுக்கூழும் ஈரத்தைக் குடித்து ஊதுகிற சின்னச் சின்ன மணிகளும். வெயிலில் தண்ணீர்தான் போகும். உப்பும் கிருமியும் உள்ளேயே கிடக்கும், உப்பேறிய மணி பிறகு முன்போல ஈரத்தை இழுக்காது. அதையே திரும்பக் கட்டும்போது பிள்ளையின் தோல் சிவந்து புண்ணாகும், புண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மம்மாவுக்கு அது தெரியாமலில்லை. ஊர்க்கடையில் பொதியைப் பிரித்து ஒன்று இரண்டாக விற்பார்கள். அவ வாங்குவது நாளுக்கு ஒன்று. சில்லறையாக வாங்குவதால் பொதி விலையை விடக் கூடத்தான் கொடுக்கிறா. மொத்தமாக வாங்கக் காசில்லாதவர்களுக்கு எல்லாச் சாமானும் விலை கூடத்தான்.

"எங்கட காலத்தில பம்பஸா கட்டின? சீலைத் துண்டில வளர்ந்த பிள்ளைகள்தானே நாங்க?" இதை எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. சீலை நல்லது, காசும் மிச்சம். ஆனால் தோய்க்கத் தண்ணீரும், காய வெயிலும், தோய்க்க ஒரு ஆளும் வேண்டும். நம் மட்டக்களப்பு மாவட்டத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நாலு மாதமும் ஒரு துண்டு உலர இரண்டு நாள் ஆகும். ஆடி ஆவணியில் கிணறு அடியில் தொட்டுக்கொண்டிருக்கும். பவுசர் தண்ணீருக்கு வாளி வைத்துக் காத்திருக்கும் வீட்டில் பத்துத் துண்டு தோய்ப்பதா, சோறு சமைப்பதா? வயலில் களை பிடுங்கப் போகும் தாயும், கைக்குழந்தையோடு பஸ் ஏறி மட்டக்களப்பு கிளினிக்குக்குப் போகும் தாயும் சீலையோடு என்ன பாடுபடுவார்கள் என்று ஆண்களாகிய எங்களுக்குக் குழுவில் இருந்த அக்காமார்தான் விளங்கப்படுத்தினார்கள்.

அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டிருக்கிறோம். பகலில் சீலை; ராவைக்கும் பயணத்துக்கும் பம்பஸ். ஊரிலேயே தைக்கிற பெண்கள் பருத்தித் துணியில் மூன்று மடிப்பு நெப்கின் தைத்துத் தருவார்கள். அவர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும், இனாமாகத் தைத்துத் தரச்சொல்லிக் கேட்க எங்களுக்கு வாய் வராது.

அரசாங்கம் கொடுக்காதா என்று கேட்பவர்களுக்கு: திரிபோஷா சத்துமா கிடைக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்குப் போசாக்குப் பொதி கிடைக்கிறது. அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணத்தில் 2025 முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000. அரிசியும் கறண்ட் பில்லும் பள்ளிக்கூடச் செலவும் நுண்கடன் தவணையும் அதற்குள்தான். பம்பஸ் என்று எழுதிய பட்டியல் எங்கும் இல்லை. இது நமக்கு மட்டுமான குறையுமல்ல. அமெரிக்காவிலும் வறியவர்களுக்கான உணவு உதவிப் பணத்தில் டயப்பர் வாங்க முடியாது; அதனால்தான் அங்கே டயப்பர் வங்கி என்றே வைத்து நடத்துகிறார்கள். 2013இல் நியூ ஹேவன் நகரத் தாய்மாரிடம் எடுத்த ஆய்வு ஒன்றில், பிள்ளைக்குப் போதிய டயப்பர் இல்லை என்று பத்தில் மூன்று பேர் சொன்னார்களாம்.

குழந்தைகளைத் தவிர இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பாரிசவாதத்தில் விழுந்த அப்பாமார், இடுப்பெலும்பு முறிந்த ஆச்சிமார், மூளை முடக்குவாதத்தோடு பிறந்து ஒன்பது பத்து வயதாகிவிட்ட பிள்ளைகள். பெரியவர்களுக்கான பம்பஸ் விலை இன்னும் கூட, ஊர்க்கடையில் கிடைப்பதுமில்லை. ஈரத்தில் கிடந்தால் படுக்கைப் புண் வரும். ஒரு தாய் தன் வளர்ந்த மகளைத் தனியே தூக்கி, கீழே விரித்த படங்கை மாற்றுவதை நாங்கள் பார்த்தோம். வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் மாற்றினா. அந்தப் பிள்ளைக்கும் வெட்கம் தெரியும்.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் தடவை பத்து வீட்டுக்குக் கொடுத்தபோது, வழக்கம்போல வரிசையில் நிற்க வைத்து, பொதியை இரண்டு பக்கமும் பிடித்து, படம் எடுத்து முகநூலில் போட்டோம். விருப்பக்குறி நிறைய விழுந்தது. அடுத்த மாதம் ஒரு தங்கச்சி வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். தேத்தண்ணிக் கடையில் யாரோ அவளுடைய புருஷனிடம், "பிள்ளை பெறத் தெரியும், பம்பஸ் வாங்கத் தெரியாதோ?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் எங்களைத் திட்டவில்லை. "பரவாயில்ல அண்ணன், நான் சீலையிலயே பார்க்கிறன்" என்றாள். அன்றிரவே படங்களை அழித்தோம்.

ஆகவே இந்த வேண்டுகோளில் படம் இல்லை, இனியும் வராது. எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பது எங்கள் இரண்டு அக்காமாருக்கு மட்டும் தெரியும். பொதி அவர்கள் கையால், பழைய அரிசிப் பையில் போட்டு வீட்டுக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிவிட்டு "யாருக்குக் கொடுத்தீங்க, ஒரு படமாவது போடுங்க" என்று கேட்பவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறோம். கடைப் பற்றுச்சீட்டு, வாங்கிய எண்ணிக்கை, மிச்சக் காசு எல்லாம் மாதக் கடைசியில் நூலக அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். அதில் ஒரு ரூபா பிசகினாலும் எங்கள் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

ஆறு மாதத்துக்கு 30 வீடுகளை எடுக்க நினைக்கிறோம். 22 குழந்தைகளுக்கு ஆளுக்கு நாளுக்கு மூன்று, படுக்கையில் இருக்கும் எட்டுப் பேருக்கு நாளுக்கு நாலு. மாதம் 2,940 வரும். மட்டக்களப்பில் மொத்தக் கடையில் எடுப்போம். பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்ப வேண்டாம். அந்தச் செலவைக் காசாகத் தந்தால் இங்கேயே வாங்கலாம். ஊரில் இருப்பவர்கள் சாமானாகத் தருவதென்றால் தயவுசெய்து பெரிய அளவாகப் பாருங்கள். பிறந்த பிள்ளைக்கான சின்ன அளவைத்தான் எல்லோரும் ஆசையாக வாங்கி வருகிறார்கள். அது கட்டும் காலம் கொஞ்சம்; லார்ஜும் எக்ஸ்.எல்லும்தான் எப்போதும் முடிந்துபோகிறது. உங்கள் பிள்ளை வளர்ந்து, பாதிப் பொதி மிஞ்சிக் கிடந்தாலும் கொண்டு வாருங்கள், உலர்ந்து சுத்தமாக இருந்தால் போதும்.

குப்பை என்ன ஆகும் என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்ததை எல்லோரும் அறிவோம், இங்கேயும் யானை வராத கிராமம் குறைவு. மலத்தைக் கக்கூசில் தட்டிவிட்டு, பம்பஸைச் சுருட்டிக் கட்டி மூடியுள்ள வாளியில் போட வேண்டும். குப்பை ஏற்றும் உழவு மெஷின் (டிரக்டர்) வரும் தெருவரை வாளிகளைக் கொண்டுவந்து சேர்க்க இளைஞர்கள் நாலு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய்க்காலில் எறியும் வீட்டுக்கும் பொதியை நிறுத்த மாட்டோம், ஆனால் அக்காமார் வந்து ஏசுவார்கள்.

சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணியிலிருந்து நூலகத்தில் இருப்போம். காசு தருபவர்கள் பற்றுச்சீட்டு வாங்காமல் போக வேண்டாம். பொதி தேவைப்படுபவர்கள் நூலகத்துக்கு வரத் தேவையில்லை. கிளினிக் நாளில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பிள்ளையின் அளவை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இங்ஙனம்,
குழுவினர்,
படுவான்கரை.