குளிப்பாட்டப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

பெரம்பூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அட்டெண்டராகச் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். விடிந்ததும் விடியாததுமாக ஒரு வரிசையையே குளிப்பாட்டி முடிக்கச் சொல்வார்கள். நர்ஸாக வேலை பார்த்த உரிமையில் சொல்கிறேன், அந்த அவசரத்தில்தான் பாதித் தொல்லை பிறக்கிறது.

மறதி நோய் உள்ள பாட்டி குளிக்க மாட்டேன் என்று கத்தினால், பிடிவாதம் என்று நினைத்துவிடாதே. யாரோ ஒருத்தி புடவையை உருவுகிறாள், தலையில் தண்ணீர் கொட்டுகிறது, அவருக்குப் புரிவது அவ்வளவுதான். முகத்துக்கு நேரே நின்று, என்ன செய்யப் போகிறாய் என்று ஒவ்வொன்றாகச் சொல். தண்ணீரைக் காலிலிருந்து ஊற்று. அப்படியும் மறுத்தால் சரி, அரை மணி கழித்துக் கேள். அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத் துண்டால் போர்த்தித் துடைத்தபோது, மறதி நோயாளிகள் அடிப்பதும் திட்டுவதும் பாதிக்கு மேல் குறைந்தன. தோலில் கிருமியும் கூடவில்லை.

துடைக்கிற இடத்தை மட்டும் திற, மற்றதைப் போர்த்தியே வை. முகம் துடைத்துக்கொள்ள முடிந்தவர் கையில் துணியைக் கொடுத்துவிடு. நேரமானால் ஆகட்டும். பெண்களுக்கு அடிப்பகுதியை முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும்; மாற்றிச் செய்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு எல்லாம் ஈரமில்லாமல் ஒற்றி எடு. சென்னை மே மாத வேர்வையில் படை பிடிப்பது அங்கேதான். சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்திருந்தால் சூடு தெரியாது. நீ முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஊற்று.

படுக்கைப்புண்ணை முதலில் பார்க்கப்போவது டாக்டர் இல்லை, நீதான். இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டும் இடம், குதிகால், இரண்டையும் தினமும் பார். புண்ணின் முதல் அடையாளம், அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடத்தில் சொல்வார்கள். நம் ஆட்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் தேய்க்காதே. அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் உடனே சிஸ்டரிடம் சொல்.

மேனேஜர் நேரத்தைக் கேட்டால் தயங்காமல் பேசு. எல்லோருக்கும் தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை. ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக்கொண்டு, மற்ற நாட்களில் முகம், அக்குள், அடிப்பகுதி துடைத்தாலே போதும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்குப் போன் போடு, நானே வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா