எலும்பு வாளும் உணவுக்குழாய் ஸ்டென்ட்டும்: இன்னும் ரூ.1,65,000 தேவை

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பெருமக்களுக்கு வணக்கம்.

நம் பகுதித் தர்ம மருத்துவமனைக்கு வாங்கவிருக்கும் இரண்டு கருவிகளின் விலைப்புள்ளி ஆகஸ்ட் 14ஆம் தேதியோடு காலாவதியாகிறது. அதற்குள் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும்.

1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி வார்த்தது நம் மண்ணின் மணியக்காரர் சத்திரம். அதன் வழிவந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. நம் பெரியவர்களுக்கு அது என்றைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். சாதி, மதம் கேட்காமல் வார்த்த கை நம் முன்னோர் கை.

அந்த ஊரில் இன்று ஒரு மடக்குக் கஞ்சியும் இறங்காமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் அடைத்துக்கொண்டால் எச்சிலைக்கூட விழுங்க முடியாது. துண்டில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்காகத்தான் தானே விரியும் ஸ்டென்ட். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பியால் பின்னிய வலைக்குழாய் அது. மெல்லிய உறைக்குள் சுருக்கி, எண்டோஸ்கோபி (வாய் வழியே விடும் கேமராக் குழாய்) உதவியுடன் அடைப்பில் பொருத்தி உறையை உருவினால், தானாக விரிந்து வழிவிடும். நோயைத் தீர்க்காது, ஆனால் வாயால் சாப்பிட வைக்கும். ஸ்டென்ட் விலையைத்தான் அரசு கட்டுப்படுத்திவிட்டதே என்று கேட்கலாம். 2017இல் அரசு கொண்டுவந்த அந்த விலை உச்சவரம்பு இதய ஸ்டென்ட்டுக்கானது, இதற்குப் பொருந்தாது.

அடுத்தது அறுவை சிகிச்சையில் எலும்பை அறுக்கும் எலும்பு வாள். இப்போதுள்ளது பழையது. மழுங்கிய பிளேடு எலும்பைச் சூடாக்கும். 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புச் செல்கள் கெடும்.

பேட்டரி வாள், பிளேடுகளுடன் ரூ.2,80,000. பத்து ஸ்டென்ட்கள் ரூ.2,50,000. ஆக ரூ.5,30,000. வந்தது ரூ.3,65,000.

இதுவரை தந்தவர்களை எப்படி மறப்போம்! விடியற்காலை ஏலம் முடிந்த கையோடு, ஈரம் காயாத பத்து ரூபாய்த் தாள்களை உண்டியலில் போட்ட காசிமேட்டு மீன்காரத் தாய்மார்கள், ஒரு நாள் கூலியை அப்படியே தந்த வலை பின்னும் தொழிலாளர்கள், மகள் திருமணச் செலவைக் குறைத்துக் கொடுத்த அச்சகத்துக்காரர், தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் நமக்காக அறிவிப்புச் செய்த பெரியவர்கள் எல்லோருக்கும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் துணையிருப்பாள்.

ஆடிக்கூழுக்கும் விழாப் பந்தலுக்கும் கேட்காமலே கொடுக்கும் தெருக்கள் சில இதற்கு இன்னும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. மீன்கூடை சுமப்பவர் கொடுத்திருக்க, மாடி வீட்டார் கதவைச் சாத்துவது நமக்கு அழகல்ல. கூழ் ஊற்றுங்கள், அந்தக் கூழை விழுங்க முடியாதவரையும் நினையுங்கள்.

நாள்தோறும் மாலை 5 முதல் 8 வரை மருத்துவமனை வாசலில் குழுவினர் இருப்பார்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். வசூல் கணக்கு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேயே பலகையில் எழுதப்படும்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்