பால்ரஸ் போட்ட பந்துக்கு ஒரு நன்றி

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

பள்ளி விளையாட்டு விழா நல்லபடியாக முடிந்தது. நேற்று சாயங்காலம் வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்த மழைக்குப் பிறகு மைதானம் கிடந்த கோலமும், "விழா நடத்தினாலும், ஓடக்கூடிய பிள்ளைகளை மட்டும் வைத்து முடித்துவிடலாம்" என்று நடந்த பேச்சும் உங்களுக்குத் தெரியாததில்லை. அதை மறுபடி கிளற விருப்பமில்லை.

மண் அடித்துக் கொடுத்தவர்கள், சுண்ணாம்புக் கோடு போட்ட பழைய மாணவர்கள், மோரும் சுண்டலும் கொண்டுவந்த மகளிர் குழு அக்காமார், பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர், எல்லோருக்கும் நன்றி. பேர் பேராகச் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன். அப்புறம் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பஸ் ஸ்டாப் பக்கத்து சைக்கிள் கடைத் தாத்தா.

மூன்றாம் வகுப்பில் பார்வை குறைந்த பையன் ஒருவன் இருக்கிறான். விளையாட்டு நேரம் வந்தால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருப்பான். அதில் கெடுபிடி வேறு, ஜோடி மாறினால் திட்டுவான். யாரும் அவனை விரட்டவில்லை. பந்து வருவது தெரியாதவனை எப்படிச் சேர்ப்பது என்று ஒருவருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் சத்தம் போடும் பந்து உண்டு என்று பயிற்றுநர் சொன்னார். அதைத் தேடி வாங்குவதற்குள் விழாவே முடிந்துவிடும். வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது தாத்தாவிடம் இதைப் புலம்பினேன்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே வாசலில் வந்து நின்றார். ஒரு ரப்பர் பந்தைப் பிளேடால் கீறி, உள்ளே சைக்கிள் சக்கரத்தின் பழைய பால்ரஸ் இரும்புக் குண்டுகளைப் போட்டு, சொலூஷன் தடவி டியூப் துண்டால் ஒட்டியிருந்தார். உருட்டிப் பார்த்தால் சத்தம் போதவில்லை. ரப்பர் விழுங்கிவிட்டது. "இருங்க டீச்சர்" என்று எடுத்துக்கொண்டு போனவர், சாயங்காலம் கெட்டியான பிளாஸ்டிக் பந்தோடு வந்தார். காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, குண்டுகளை உள்ளே தள்ளி, துளையை உருக்கி அடைத்திருக்கிறார். இது மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. "பஞ்சருக்குத்தான் காசு" என்றார்.

அந்தப் பந்து வந்த பிறகு கிரிக்கெட்டின் சட்டதிட்டமெல்லாம் பிள்ளைகளே மாற்றிக்கொண்டார்கள். பந்தைத் தரையோடு உருட்டித்தான் போட வேண்டும், அது வரும்போது யாரும் கத்தக் கூடாது. வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்தியும் வராத அமைதி அங்கே தானாக வந்தது, என்ன சொல்ல! உருட்டினால் போதும் என்றானதும், வாக்கர் வைத்து நடக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பந்து போட வந்தாள். நூல் பிடித்தாற்போல் போடுகிறாள். அவளிடம் அவுட் ஆகாத பையன்கள் குறைவு.

முழுவதும் பார்வை இல்லாதவர் எடுக்கும் ஓட்டத்தைப் பார்வையற்றோர் கிரிக்கெட்டில் இரண்டு மடங்காக எண்ணுவார்கள். அதைக் கேள்விப்பட்டு, அவனுக்கும் அப்படியே எண்ணலாம் என்றார்கள் பிள்ளைகள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குத்தான் மங்கலாத் தெரியுதே, ஒத்தையாவே எண்ணுங்க" என்றான். விதிப்படியும் அவன் சொன்னதுதான் சரி. நேற்று அவன் எடுத்த மூன்று ஓட்டமும் மூன்றாகவே எழுதப்பட்டது.

இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஆறுதல் பரிசு கொடுக்கலாமே என்று சிலர் நல்ல மனசோடு கேட்டீர்கள். கொடுக்கவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். பாடத்தைப் போலவே விளையாட்டும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பள்ளிகளுக்குச் சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் இவர்களையும் சேர்த்துத்தான். மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு மேடையில் கோப்பை கொடுத்தால் அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்? மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கதையை நானும் வகுப்பில் சொல்வேன்தான். ஆனால் நம் பிள்ளைகள் பதக்கம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, சட்டை நனைய வியர்த்து வீட்டுக்கு வரட்டும்.

நம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. இருக்கும் இரண்டு ஆசிரியர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். எந்தப் பாடம் பாக்கி கிடந்தாலும் விளையாட்டு நேரத்தில் கை வைப்பதில்லை. வைத்தால் நீங்கள் நேரில் வந்து கேட்கலாம்.

தாத்தா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி ஓவரில் பந்து படிக்கல்லில் மோதி விரிசல் விட்டுவிட்டது. திங்கட்கிழமை பையன்களைக் கடைக்கு அனுப்புகிறேன். இந்தத் தடவை பந்துக்கும் காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
தலைமை ஆசிரியை