ஃபிரெடரிக்ஸ்பர்க் சிலையில் இன்னொருவரும் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வெளிவந்த டெக்சஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஃபிரெடரிக்ஸ்பர்க் என்ற சிற்றூரின் பீச் பழங்களையும் ஜெர்மன் பேக்கரிகளையும் பற்றி நாவூற எழுதியிருந்தார் கட்டுரையாளர். குறை சொல்ல வரவில்லை, அந்தப் பழம் புகழத் தக்கதுதான். ஆனால் ஊர் நடுவே மார்க்ட்பிளாட்ஸ் பூங்காவில் இருக்கும் வெண்கலச் சிலைக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. மகள் ஆஸ்டினில் வசிப்பதால் அந்தச் சிலையை நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. அவர்கள் சுற்றுலாப் பயணிகள், போகட்டும். எழுத வந்தவர் அப்படி நகரலாமா?

சிலையில் இருப்பவர்கள் ஒரு ஜெர்மானியரும், கோமாஞ்சி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தலைவர் ஒருவரும். ஜெர்மானியரின் பெயர் மொய்செபாக். ஜெர்மன் பிரபுக்கள் சிலர் சேர்ந்து நடத்திய குடியேற்றக் கம்பெனியின் டெக்சஸ் நிர்வாகி. அந்தப் பிரபுக்கள் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே 30 லட்சம் ஏக்கருக்கு மேல் உரிமை வாங்கிவிட்டார்கள். அது கோமாஞ்சிகள் வேட்டையாடி வாழும் பூமி என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான மக்கள் கப்பலில் வந்து இறங்கிவிட்டார்கள். 1846இல் மெக்சிகோவுடன் போர் மூண்டதும் வண்டிகளையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டது. கடற்கரையிலேயே சிக்கி நோயில் மாண்டவர்கள் நூற்றுக்கணக்கானோர். கம்பெனியிடம் பணமும் இல்லை. மொய்செபாக் சமாதானம் பேசப் போனதற்கு நல்ல மனம் ஒரு காரணம் என்றால், வேறு வழியில்லாத நெருக்கடி இன்னொரு காரணம்.

1847 ஜனவரியில் சுமார் 40 பேருடன் சான் சபா ஆற்றை நோக்கிக் கிளம்பினார். போவது ஆபத்து என்று எச்சரிக்க டெக்சஸ் ஆளுநர் ராபர்ட் நெய்பர்ஸ் என்ற அதிகாரியைப் பின்னாலேயே அனுப்பினார். எச்சரிக்க வந்தவர் குழுவோடு சேர்ந்துகொண்டார். கோமாஞ்சி வீரர்கள் அணிவகுத்து நின்ற இடத்தை அடைந்ததும் மொய்செபாக்கும் அவருடைய ஆட்களும் துப்பாக்கிகளை வானத்தை நோக்கிச் சுட்டுக் காலி செய்தார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும். அதுவரை அவர்கள் நிராயுதபாணிகள்தான். அவருடைய செந்தாடியைப் பார்த்துக் கோமாஞ்சிகள் 'சிவப்புச் சூரியன்' என்று பெயர் வைத்தார்கள்.

வழிகாட்டிகள் எல்லோரும் இந்தத் துணிச்சலைத்தான் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்துத் துணிச்சல் இதைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஏழு ஆண்டுகளுக்கு முன், 1840 மார்ச்சில், கோமாஞ்சித் தலைவர்கள் சமாதானம் பேச சான் அந்தோனியோ நகருக்கு வந்தார்கள். மனைவி மக்களையும் அழைத்து வந்திருந்தார்கள். சண்டைக்கு வருகிறவர்கள் அப்படி வருவார்களா? நீங்கள் பிடித்து வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் ஒப்படைக்கும்வரை நீங்கள் எங்கள் பிணையாளிகள் என்று டெக்சஸ் தரப்பு பேச்சு நடந்த கட்டடத்துக்குள்ளேயே அறிவித்தது. கைகலப்பு மூண்டது. தலைவர்கள், பெண்கள், குழந்தைகள் என 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க அந்த ஆண்டு ஆகஸ்டில் கடற்கரைவரை படையெடுத்துப் போய் லின்வில் என்ற ஊரைச் சூறையாடியவர் பஃபலோ ஹம்ப் என்ற கோமாஞ்சித் தலைவர். அதே பஃபலோ ஹம்ப்தான் 1847 மார்ச் தொடக்கத்தில் கெத்தும்சே, சாந்தா அன்னா (மெக்சிகோ தளபதி அல்ல, அதே பெயர் கொண்ட கோமாஞ்சித் தலைவர்) முதலியோருடன் மொய்செபாக்கின் எதிரே உட்கார்ந்து பேசினார். ஒருமுறை பேச்சுக்குப் போய் உறவுகளைப் பறிகொடுத்த மக்கள் மறுபடி வெள்ளையரோடு பேச உட்கார்ந்தார்கள். மே 9 அன்று கையெழுத்திட ஜெர்மானியரின் ஊரான ஃபிரெடரிக்ஸ்பர்க்குக்கே வந்தார்கள்.

ஜெர்மானியர் நிலத்தை அளந்து குடியேறலாம், கோமாஞ்சிகள் ஊருக்குள் தாராளமாக வந்து போகலாம், 3,000 டாலர் மதிப்புள்ள பொருள்களைக் கோமாஞ்சிகளுக்குக் கொடுக்க வேண்டும். பேசியது இவ்வளவுதான். கையெழுத்திட்ட பத்திரம் இன்று ஆஸ்டினில் டெக்சஸ் மாநில நூலகத்தின் வசம் இருக்கிறது.

இது ஒருபோதும் மீறப்படாத ஒப்பந்தம் என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்ற அளவில் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெருமையை அங்கேயே நிறுத்திக்கொள்வது சௌகரியமான வரலாறு. 1849இல் காலரா கோமாஞ்சிகளை வாரிக்கொண்டு போனது. சாந்தா அன்னாவும் அதில்தான் இறந்தார். கெத்தும்சேயின் மக்கள் அரசு ஒதுக்கிய நிலத்தில் அடங்கி வாழ்ந்தும் 1859இல் டெக்சஸை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். குடியேறிகளின் தாக்குதலுக்குப் பயந்து அவர்களைப் பத்திரமாக ரெட் ஆற்றைக் கடக்க வைத்தவர், முன்பு மொய்செபாக்கை எச்சரிக்க வந்த அதே நெய்பர்ஸ். அந்த வேலையை முடித்துத் திரும்பியபோது ஒரு வெள்ளையர் அவரைச் சுட்டுக் கொன்றார்.

அப்படியானால் சிலை வெறும் வேஷம் என்றார் என் மருமகன். எனக்கு அது சம்மதமில்லை. துரத்தியது டெக்சஸ் அரசும் அதன் குடியேறிகளும். அதற்காக 1847இல் சொல் காத்தவர்களை ஏன் மறக்க வேண்டும்? என் குறையெல்லாம், சிலையில் ஒருவருடைய கதை மட்டும் விரிவாகச் சொல்லப்பட்டு மற்றவர் வெறும் 'கோமாஞ்சித் தலைவர்' ஆகிவிடுகிறாரே என்பதுதான்.

கட்டுரையாளர் மறுபடி அந்தப் பக்கம் போனால் அண்டை மாநிலமான ஒக்லஹோமாவின் லாட்டன் நகருக்கும் போய்வரட்டும். கோமாஞ்சி மக்களே நடத்தும் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அதைப் பற்றி அவர் எழுதினால் முதலில் படிப்பவள் நானாக இருப்பேன்.

இப்படிக்கு,
திருச்சி வாசகி ஒருத்தி
(தற்போது ஆஸ்டினில்)