பிரிக்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

துருக்கி குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க் அரசுக்கும் மதத்துக்கும் நடுவே சுவர் எழுப்பினார் என்றும், இன்றைய அதிபர் எர்டோகன் வந்து அதை இடித்துவிட்டார் என்றும் சொல்கிறது. அப்படியொரு சுவர் அங்கே எழும்பவே இல்லை என்பதுதான் என் மறுப்பு.

1924 மார்ச் 3 அன்று முஸ்லிம்களின் தலைமைப் பதவியான கலீஃபா பதவியை ஒழித்த நாடாளுமன்றம், அதே நாளில் ‘தியானெத்’ எனப்படும் மத விவகாரத் தலைமையகத்தையும் நிறுவிப் பள்ளிவாசல்களை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்குத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கின் கதையே போதும். 1932 முதல் பாங்கைத் துருக்கி மொழியில்தான் சொல்ல வேண்டும் என்றானது. மினாரில் ஏறிய மோதினார் ‘அல்லாஹு அக்பர்’ என்பதற்குப் பதிலாக ‘தன்ரி உலுதுர்’ என்று அழைத்தார். (வேடிக்கை என்னவென்றால், வெற்றியைக் குறிக்கும் ‘ஃபெலாஹ்’ என்ற அரபுச் சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.) 1941-இல் அரபியில் பாங்கு சொல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கப்பட்டது. மதத்திலிருந்து விலகி நிற்கும் அரசு, மோதினார் எந்தச் சொல்லை உச்சரிக்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்குமா?

1950 மே மாதத் தேர்தலில் வென்று பிரதமரான அத்னான் மெந்தெரெஸ், அடுத்த மாதமே அந்தத் தடையை நீக்கினார்; அத்தாதுர்க்கின் கட்சியும் அதை எதிர்க்கவில்லை. ஆனால், தியானெத்தைக் கலைக்கும் எண்ணம் மெந்தெரெஸுக்கு வரவில்லை. 1961-இல் அவரைத் தூக்கிலிட்ட ராணுவத்துக்கும் வரவில்லை. இன்னும் ஒருபடி மேலே போய், 1980 செப்டம்பரில் ஆட்சியைப் பிடித்த தளபதிகள், தாங்களே அத்தாதுர்க்கின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டே, 1982 அரசமைப்புச் சட்டத்தின் வழியாகப் பள்ளிகளில் மதப் பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். பல்கலைக்கழக மாணவியர் தலையில் முக்காடு கூடாது என்று கெடுபிடி செய்ததும் அவர்கள் காலத்தில்தான். எர்டோகன் புதிதாக எந்தக் கருவியையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. 2016 ஜூலை 15 இரவு ராணுவப் புரட்சி முயற்சிக்கு எதிராக நாடு முழுவதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை முழங்கச் செய்தது அதே தியானெத்தான்.

கட்டுரையாளர் அலெவி மக்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததால்தான் இந்தத் தொடர்ச்சி அவர் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். சன்னி முஸ்லிம்களின் வழியிலிருந்து வேறுபட்ட இவர்கள் கூடி வழிபடும் ஜெம் இல்லங்களை வழிபாட்டிடங்களாகச் சட்டம் ஏற்கவில்லை. பள்ளிவாசல், தேவாலயம், யூதத் தொழுகைக்கூடம் ஆகியவற்றின் மின்கட்டணத்தைத் தியானெத்தின் நிதியிலிருந்து கட்டிவந்த அரசு, ஜெம் இல்லத்தின் கட்டணத்தை மட்டும் அவர்கள் தலையிலேயே சுமத்தியது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், இது பாகுபாடு என்ற தீர்ப்பு 2014-இல்தான் வந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்